பின்கதவில் ஆள், போலீஸ் வர 25 நிமிடம்: டெக்சாஸில் பம்ப் ஷாட்கன் வாங்குவது பற்றி ஒரு கேள்வி

வேலிக்கருவை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஆறு வருடம் ஆஸ்டினில் அப்பார்ட்மெண்டில் இருந்துவிட்டு, போன ஆகஸ்டில் லிபர்ட்டி ஹில் தாண்டி மூன்றரை ஏக்கரோடு ஒரு வீடு வாங்கிக் குடிவந்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன். பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டால் கேட்காது, அவ்வளவு தூரம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இரவு இரண்டு மணி இருக்கும், பின்கதவின் கைப்பிடியை யாரோ திருப்புகிற சத்தம். எழுந்து வந்து பார்த்தால் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள். கத்தினேன், போகவில்லை, திரும்பத் திரும்பக் கைப்பிடியை ஆட்டிக்கொண்டே இருந்தார். 911 அழைத்து கவுண்டி போலீஸ்காரரான டெபுட்டி வந்து சேர 25 நிமிடம் ஆனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் அந்தப் பகுதி முழுக்க அவர் ஒருவர்தான். கதவை ஆட்டியவர் குடித்துவிட்டு வழி தவறிய ஒரு வயதானவர், கிளம்பும்போது அழுதார். ஆனால் அந்த 25 நிமிடமும் நான் மகனின் பேஸ்பால் மட்டையைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நின்றேன், மனைவி பிள்ளைகளைக் குளியலறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் சரியான தூக்கமில்லை.

குழலுக்கு அடியில் இருக்கிற பிடியை (பம்ப்) பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்றுகிற பம்ப் ஷாட்கன் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ரெமிங்டன் 870 என்கிறார்கள், மாஸ்பெர்க் 500 என்கிறார்கள், கடைக்காரர் வேறொன்றைக் கையில் கொடுக்கிறார். 12 கேஜா 20 கேஜா? கேஜ் எண் கூடினால் குழல் சின்னது என்பது வரைதான் எனக்குத் தெரியும். மனைவி ஐந்தடி ஒரு அங்குலம், அவளும் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தோட்டா, எங்கே வைப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்பது? பம்பை இழுக்கிற சத்தம் கேட்டாலே வந்தவன் ஓடிவிடுவான் என்று ஆபீஸில் ஒருவர் அடித்துச் சொல்கிறார், அது உண்மையா?

நாங்கள் இருவரும் கிரீன் கார்டு. டிசம்பரில் மாமியார் ஆறு மாதத்துக்கு வருகிறார், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

——

கொங்குத்தம்பி எழுதியது:

முதலில் காகித வேலை, ஏனென்றால் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள், அதை நிரப்பினால் எஃப்.பி.ஐ.யின் என்.ஐ.சி.எஸ். வழியாகப் பின்னணிச் சோதனை நடக்கும். 1998 முதல் இருக்கிற நடைமுறை. கிரீன் கார்டு இருந்தால் சட்டப்படி வாங்கலாம், கிரீன் கார்டில் இருக்கிற உங்கள் ஏ நம்பரை எழுதச் சொல்வார்கள். குடியுரிமை பற்றிய கட்டத்தை நிதானமாகப் படித்து டிக் செய்யுங்கள். அவசரத்தில் அமெரிக்கக் குடிமகன் என்று டிக் அடித்துவிட்டால், குடிமகன் என்று பொய்யாக உரிமை கோரியதாக அதைக் கொண்டுபோய் நிறுத்த முடியும், நாடு கடத்துகிற அளவுக்குப் போகக்கூடிய விஷயம் அது. வீடு மாறியிருக்கிறீர்கள், டிரைவிங் லைசென்ஸில் இப்போதைய முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்டின் அப்பார்ட்மெண்ட் முகவரியே இருந்தால் அந்தக் கார்டு மட்டும் போதாது.

இதைப் படிக்கிற எச்1பி, எச்4, எஃப்1 நண்பர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கே மத்திய சட்டத்தில் தடை இருக்கிறது. ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பி2 சுற்றுலா விசாவில் வரும் மாமியாரும் இந்தப் பட்டியலில் வருகிறார், அதனால் "அம்மா, ஒருமுறை சுட்டுப் பாருங்கள்" என்று சுடப் பழகும் ரேஞ்சுக்கு அழைத்துப் போய்க் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் நிலைமையில் ஏதாவது சந்தேகம் இருந்தால் குடிவரவு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசுவது நல்லது.

டெக்சாஸில் ஷாட்கன் வாங்கத் தனி அனுமதிச் சீட்டு கிடையாது. நியூஜெர்சி நண்பர்கள் அடையாள அட்டை ஒன்று எடுத்தாக வேண்டும், இல்லினாயில் எஃப்.ஓ.ஐ.டி. அட்டை. மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். 870 என்பது 1950இல் வந்தது, ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அதில் பழைய விங்மாஸ்டர் வகை ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், பம்பை இழுத்தால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகும். ரெமிங்டன் கம்பெனி 2018இலும் 2020இலும் திவாலாகி, இப்போது வேறு கைக்கு மாறித் தயாரிப்பு தொடர்கிறது. மாஸ்பெர்க் 500 அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. இரண்டுமே நம்பகமானவை, இதில் சண்டை போடுவது வீண். உங்களுக்கு முக்கியமான வித்தியாசம் விரல் போகிற இடத்தில் இருக்கிறது. மாஸ்பெர்க்கில் சேஃப்டி, அதாவது டிரிகரைத் தடுக்கிற பொத்தான், மேலே, கட்டைவிரலுக்கு நேராக இருக்கும், வலக்கை இடக்கை இருவருக்கும் ஒன்றுதான், கண்ணாலும் பார்க்கலாம். 870இல் டிரிகருக்குப் பின்னால் குறுக்கே ஒரு பொத்தான். தோட்டா போடும்போது 870இல் அடியில் இருக்கிற தகட்டை விரலால் தள்ளிக்கொண்டு போட வேண்டும், பழகாதவர்களுக்கு விரல் கடிபடும். மாஸ்பெர்க்கில் அந்தத் தகடு மேலேயே நிற்கும், இருட்டில் தடவிப் போடுவது சுலபம்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்பதால் என் ஓட்டு மாஸ்பெர்க் 500 அல்லது 590. 590இல் தோட்டாக்கள் வரிசையாக நிற்கிற மேகசின் டியூபின் முன்மூடியைக் கழற்றி உள்ளே துடைக்கலாம், 500இல் முன்பக்கம் மூடியே இருக்கும். பணம் இடித்தால் அதே கம்பெனியின் மேவரிக் 88 இருக்கிறது, சேஃப்டி மட்டும் குறுக்குப் பொத்தான், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. மிச்சப் பணத்தைத் தோட்டாவிலும் பயிற்சியிலும் போடுங்கள்.

குழல் நீளம் 18.5 இன்ச் எடுங்கள். 18க்குக் கீழே போனால் மத்திய சட்டத்தில் வேறு வகை ஆகிவிடும், 1934ஆம் வருடச் சட்டப்படி பதிவு வேண்டும். யாராவது "அறுத்துக் கொள்ளலாம்" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

——

தாமிரா எழுதியது:

கொங்குத்தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் உங்கள் மனைவியின் உயரத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் ஐந்தடி ஒன்று. என் கணவர் ஆசையாக ஒரு 12 கேஜ் வாங்கிவந்தார். முதல் நாள் ரேஞ்சில் மூன்று தோட்டா சுட்டேன், தோள்பட்டைக்குக் கீழே ஒரு கத்திரிக்காய் அளவுக்கு நீலம் கட்டிப் பத்து நாள் இருந்தது. அதற்கப்புறம் ஒரு வருடம் அதைத் தொடவே இல்லை. வீட்டில் ஒருவர் தொடப் பயப்படுகிற ஆயுதம், அவர் தனியாக இருக்கிற இரவில் வீட்டில் இல்லாததற்குச் சமம்.

பிறகுதான் ஒரு பெண் பயிற்சியாளர் காரணத்தைக் காட்டினார். தோட்டாவை விடப் பெரிய தப்பு பின்கட்டையின் நீளம். டிரிகரிலிருந்து கட்டையின் கடைசி வரை உள்ள அளவைச் சாதாரணமாகப் பதினான்கு இன்ச் வாக்கில் வைக்கிறார்கள், அது ஆறடி ஆளுக்கான அளவு. என் கைக்கு அது நீளம் என்பதால் நான் பின்னால் சாய்ந்து, கட்டையைத் தோளின் குழியில் வைக்காமல் புஜத்தில் வைத்துச் சுட்டிருக்கிறேன். பன்னிரண்டரைக்கு மாற்றிக் கொடுத்தார், இடது காலை முன்னால் வைத்து உடம்பை முன்னே சாய்க்கச் சொன்னார், கன்னத்தைக் கட்டையில் அழுத்தச் சொன்னார். அதே தோட்டா, அதே துப்பாக்கி, பதினைந்து சுட்டேன், நீலம் கட்டவில்லை.

நீளமாக இருந்தால் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. கை எட்டாததால் பம்பை முழுதாகப் பின்னுக்கு இழுக்காமல் பாதியில் முன்னே தள்ளிவிடுவோம். காலித் தோட்டா வெளியே விழாது, அல்லது புதியது ஏறாது. பம்ப் துப்பாக்கி நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த அரைகுறை இழுப்புதான் என்று அந்த அக்கா சொல்வார். இழுத்தால் முட்டும் வரை இழுக்க வேண்டும், தள்ளினால் முட்டும் வரை தள்ள வேண்டும், தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

அதனால் கடையில் மனைவியை நிற்க வைத்துத் தோளில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கட்டையைச் சின்ன ஆளுக்கு ஏற்றபடி வைத்தால் பெரிய ஆள் சமாளித்துவிடுவார், தலைகீழாக நடக்காது. துண்டுகள் சேர்த்தும் எடுத்தும் நீளம் மாற்றுகிற மேக்புல் கட்டை கிடைக்கிறது. இல்லையென்றால் மாஸ்பெர்க் 500இலேயே 20 கேஜில் குட்டைக் கட்டையோடு பேண்டம் வகை வருகிறது. 20 கேஜ் ஒன்றும் விளையாட்டுச் சாமான் இல்லை, ஒரு அறையின் தூரத்தில் அதன் பக்ஷாட், அதாவது பெரிய ரவைத் தோட்டா, போதும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், வீட்டில் 12, 20 இரண்டும் வைக்காதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலில் வழுக்கி உள்ளே போய்ச் சிக்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, அதன் பின்னால் ஒரு 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

——

வேலிக்கருவை எழுதியது:

தாமிரா அக்கா, இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், "இவங்க சொல்றதைத்தான் கேக்கணும்" என்கிறாள். லைசென்ஸ் முகவரி பழையதுதான், நல்லவேளை சொன்னீர்கள் கொங்குத்தம்பி, இன்றைக்கே மாற்ற விண்ணப்பித்தேன். தோட்டா பற்றியும் எங்கே எப்படி வைப்பது என்றும் யாராவது சொல்லுங்கள். எங்கள் படுக்கையறைக்கும் பிள்ளைகள் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

——

கேட்டி_பெரியவர் எழுதியது:

தம்பி, நான் இந்த ஊருக்கு வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. ஊரில் எங்கள் தாத்தாவிடம் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸோடு ஒரு இரட்டைக்குழல் இருந்தது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவருவார், துப்பாக்கி திரும்பி வந்ததும் முற்றத்தில் உட்கார்ந்து பழைய வேட்டித் துணியைக் கம்பியில் சுற்றிக் குழல் பளபளக்கும் வரை இழுப்பார். துப்பாக்கியை எப்படி மதிக்க வேண்டும் என்று நான் கற்றது அங்கே.

நீங்கள் கேட்ட சுவர் விஷயத்தை முதலில் சொல்கிறேன். இங்கே வீட்டின் உள்சுவர் நம் ஊர்ச் செங்கல் சுவர் அல்ல, மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அரை இன்ச் ஜிப்சம் அட்டை, நடுவில் காற்று. ஒரு ஆளை நிறுத்துகிற சக்தி உள்ள எந்தத் தோட்டாவும் அந்தச் சுவரைத் தாண்டும். ஒன்றல்ல, வரிசையாக இரண்டு மூன்று சுவரைத் தாண்டும். "பேர்ட்ஷாட் போடு, சுவரைத் தாண்டாது, ஆளையும் நிறுத்தும்" என்று சொல்வார்கள், இரண்டும் சேர்ந்து நடக்காது. பறவைக்குச் செய்த சின்ன ரவை உடம்பின் மேலோடு நின்றுவிடும், பார்க்கக் கோரமாக இருக்கும், வெறியில் வருகிறவனை நிறுத்தாது. ஸ்லக் என்கிற ஒற்றைக் குண்டு வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், அது வெளிச்சுவரையும் தாண்டிப் போகும்.

12 கேஜ் என்றால் 2¾ இன்ச் டபுள் ஆட் பக்ஷாட், எட்டு அல்லது ஒன்பது ரவை இருக்கும், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்று இன்ச் மேக்னம் வேண்டாம், தோளில் உதைதான் கூடும். அதிலும் உதை குறைந்த வகை என்று வருகிறது, சாதாரணம் வினாடிக்கு 1,325 அடி போனால் இது 1,150 வாக்கில் போகும். தானியங்கித் துப்பாக்கியில் இந்த மெதுவான தோட்டா சில சமயம் தகராறு செய்யும், பம்பைக் கையால் இழுப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. ஃபெடரலின் ஃப்ளைட்கன்ட்ரோல் மாதிரி ரவையைச் சிதறாமல் கூட்டாகக் கொண்டுபோகும் தோட்டா வாங்குங்கள். ஷாட்கன் என்றால் அறை முழுக்க மழை மாதிரி கொட்டும், குறி பார்க்க வேண்டாம் என்பது முழுப் பொய். ஒரு அறையின் நீளத்துக்கு எல்லா ரவையும் ஒரு உள்ளங்கை அளவுக்குள் போய் விழும். ஆகவே குறி தவறினால் முழுக்கத் தவறும், அது போய்ச் சேர்வது அந்தப் பக்கத்து அறையில்.

இதனால்தான் எந்தத் திசையில் சுடலாம், எந்தத் திசையில் எக்காலத்திலும் கூடாது என்று பகலிலேயே முடிவு செய்ய வேண்டும். படுக்கையறையில் நின்று கதவைப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பிள்ளைகள் அறையா, வெளிச்சுவரா? தேவைப்பட்டால் கட்டிலை மாற்றிப் போடுங்கள். முடிந்தால் பிள்ளைகளை உங்கள் அறைக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் கீழே உட்கார வைத்து, 911 ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்க, கதவைப் பார்த்து நீங்கள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்த் தேடாதீர்கள். அன்றைக்கு வந்தவர் ஒரு குடித்த கிழவர் என்று எழுதினீர்கள். கையில் மட்டைக்குப் பதில் இது இருந்திருந்து, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நீங்கள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், நான் இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பம்ப் சத்தத்துக்கு ஓடிவிடுவான் என்பதும் அப்படித்தான். ஒருவன் ஓடலாம். இன்னொருவனுக்கு அது நீங்கள் நிற்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சத்தத்தை நம்பி எதையும் திட்டமிடக் கூடாது. வாயால் "போலீஸ் வருகிறது, போய்விடு" என்று கத்துங்கள், அதற்குத் துப்பாக்கியே தேவையில்லை. இருட்டில் எதிரே இருப்பது யாரென்று தெரியாமல் விரல் டிரிகருக்குள் போகவே கூடாது, அதனால் ஒரு விளக்கு அவசியம். பம்பிலேயே பொருந்திவருகிற ஸ்ட்ரீம்லைட் விளக்கு இருக்கிறது, ஆனால் துப்பாக்கி விளக்கு காட்டுகிற இடத்தைத்தான் குழலும் பார்க்கும் என்பதால் தனியாக ஒரு கை டார்ச்சும் வேண்டும். டெபுட்டி வந்துவிட்டார் என்று 911இல் சொன்னதும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும், அவருக்கு உங்களை யாரென்று தெரியாது.

வைக்கிற முறை. சேம்பர் (சுடுவதற்குத் தோட்டா ஏறி நிற்கிற குழலின் பின்முனை) காலி, மேகசின் டியூபில் நாலு தோட்டா, சேஃப்டி போட்டு, பூட்டிய பெட்டியில். ஷாட்கன் சேஃப்டி பெரும்பாலும் டிரிகரை மட்டும்தான் தடுக்கும், சேம்பரில் தோட்டாவோடு கீழே விழுந்தால் வெடிக்காது என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் சேம்பர் காலி.

இனி துடைப்பது. காலி செய்து, சேம்பரில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, மேகசின் வாயிலும் விரலை விட்டுப் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். முன்னால் இருக்கிற திருகைக் கழற்றி, பம்பைப் பாதி இழுத்தால் குழல் கையோடு வந்துவிடும். சுட்டு வந்த நாளில் கரைப்பான் நனைத்த துணியைச் சேம்பர் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் தள்ளுங்கள், கரியோடு தோட்டாவின் பிளாஸ்டிக் கிண்ணம் உரசிய கோடுகளும் இருக்கும், அதற்குப் பித்தளை பிரஷ். துணி வெள்ளையாக வரும்வரை. சேம்பரை மட்டும் இன்னொருமுறை தனியாகத் துடையுங்கள், மலிவான தோட்டாவின் இரும்பு அடி விரிந்து ஒட்டிக்கொள்வது அங்கேதான். போல்ட், தோட்டாவைப் பிடித்து இழுக்கிற கொக்கி, பம்புத் தண்டுகள் இவற்றில் ஒரு சொட்டு எண்ணெய், தடவித் துடைத்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட ஊற்றினால் தூசியும் பஞ்சும் சேர்ந்து களியாகும், மேகசினுக்குள் வழிந்தால் தோட்டாவைப் பற்றவைக்கிற பிரைமரைக் கெடுக்கும்.

சுடாமல் சும்மா இருந்தாலும் மாதம் ஒருமுறை எடுத்து, எண்ணெய்த் துணியால் வெளியே ஒரு துடை, குழலுக்குள் டார்ச் அடித்து ஒரு பார்வை. ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் கேட்டி பக்கம் ஈரம் அதிகம், கைரேகை பட்ட இடத்தில் இரண்டு வாரத்தில் துரு பூத்துவிடும். உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், உறையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கராஜில் வைக்கவே வைக்காதீர்கள், குளவி மண் கூடு கட்டிக் குழலை அடைத்துவிடும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

——

இரவுப்பணி எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன், அதனால் பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்களிடம் வருகிற துப்பாக்கிக் காயங்களில் திருடனைச் சுட்டது என்று வந்ததை நான் ஒரு கையில் எண்ணிவிடுவேன். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு வந்தால், வேலை போனால், மகள் பதினாலு வயதில் கதவைச் சாத்திக்கொண்டு அழத் தொடங்கினால், அந்தக் காலம் முடியும் வரை துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக ஒரு இடம் இப்போதே யோசித்து வையுங்கள். நம் வீடுகளில் இதைப் பேச மாட்டோம், அதனால்தான் எழுதுகிறேன்.

டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தோட்டா போட்ட துப்பாக்கியை எடுக்கும்படி அஜாக்கிரதையாக வைத்தால் அது குற்றம். சட்டம் இருக்கட்டும், ஐந்து வயதுப் பையன் கட்டிலுக்கு அடியில் எதையும் கண்டுபிடிப்பான். உயரமான அலமாரி பூட்டு ஆகாது. சுவரில் போல்ட் போட்டு இறுக்குகிற, விரலால் எண் அழுத்தித் திறக்கிற நீளப் பெட்டி வாங்குங்கள். எண் உங்கள் இருவருக்கு மட்டும் தெரிய வேண்டும், பிள்ளைகளின் பிறந்தநாளை எண்ணாக வைக்காதீர்கள், பிள்ளைகள் முதலில் அதைத்தான் அழுத்துவார்கள்.

மாமியாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பகலில் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கப்போவது அவர்தான். பெட்டியைக் காட்டி, இது திறந்திருந்தால் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய் உடனே எனக்குப் போன் செய்யுங்கள், தொடாதீர்கள் என்று சொன்னால் போதும். பெரியவர்கள் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்து நகர்த்துவார்கள், அந்தப் பாசம்தான் ஆபத்து.

——

வேலிக்கருவை எழுதியது:

இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்னாலேயே மாநில வேட்டைக் கல்வி வகுப்பில் இருவரும் சேர்ந்தோம். இங்கே 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்குப் போக அது கட்டாயம், எங்களுக்கு வேட்டை எண்ணமில்லை, ஆனால் செலவு குறைவு, அடிப்படையெல்லாம் அதிலேயே சொல்லித் தந்தார்கள். அப்புறம் 20 கேஜ் மாஸ்பெர்க், குட்டைக் கட்டை. மனைவி தோளில் வைத்ததும் "இது என்னுது" என்றாள், எனக்கும் இடைஞ்சலாக இல்லை.

பக்கத்தில் உள்ள உள்ளரங்க ரேஞ்சில் பக்ஷாட் சுட விட மாட்டோம் என்றார்கள், ஸ்லக் மட்டும்தானாம். அதனால் நாற்பது நிமிடம் ஓட்டி வெளி ரேஞ்சுக்குப் போகிறோம். முதல் நாள் ஏழாவது தோட்டாவில் எனக்கு அரைகுறை இழுப்பு நடந்தது. டிரிகரை அழுத்தினால் வெறும் க்ளிக், அவ்வளவுதான். நான் திகைத்து நின்றேன். தாமிரா அக்கா எழுதியது மனைவிக்கு ஞாபகம் இருந்தது, பின்னால் நின்று "முட்டும் வரைக்கும் இழுங்க" என்று கத்தினாள். இப்போது டம்மித் தோட்டா ஆறு வாங்கி, நிஜத் தோட்டா இல்லாத அறையில் வாரம் இரண்டு நாள் பத்து நிமிடம் இருவரும் பழகுகிறோம்.

கட்டிலை மாற்றிப் போட்டுவிட்டோம். படுக்கையறைக் கதவுக்கு நேர் பின்னால் இப்போது கல் வைத்துக் கட்டிய கணப்படுப்புச் சுவர், பிள்ளைகள் அறை பக்கவாட்டில். பெரியவர் கேட்ட கேள்வியை நானும் பல இரவு யோசித்தேன். பின்கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள், கண்ணாடிக்குப் பதில் கெட்டிக் கதவு, ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு இரண்டு போட்டேன், துப்பாக்கியை விட அதற்குத்தான் செலவு அதிகம். மாமியார் வந்துவிட்டார், பெட்டியைக் காட்டியதும் "அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாகப் பேரனையும் கூப்பிட்டு அதே வார்த்தையைச் சொல்ல வைத்தார்.

ஒரு சின்னச் சந்தேகம். நேற்று மாதத் துடைப்புக்கு எடுத்தபோது, மேகசினில் இரண்டு மாதமாக இருந்த தோட்டாக்களில் கடைசியில் இருந்த ஒன்றின் வாய் கொஞ்சம் உப்பியும், விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியும் இருந்தது. சுடலாமா?

——

கேட்டி_பெரியவர் எழுதியது:

ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருப்பதால் பிளாஸ்டிக் கூடு அப்படி உருமாறுவது உண்டு தம்பி, தோட்டாவின் மேல் தப்பில்லை. அதை அவசரத்துக்கு வைக்காதீர்கள், ஏறும்போது சிக்கலாம். நசுங்கினது லேசாக இருந்து, காலித் துப்பாக்கியின் சேம்பரில் கையால் போட்டால் தடையில்லாமல் இறங்கினால் அடுத்த முறை ரேஞ்சில் முதல் வேலையாகச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள், இறங்க மறுத்தால் திணிக்காமல் ரேஞ்சில் இருக்கிற கழிவுத் தோட்டாப் பெட்டியில் போட்டுவிடுங்கள். இனி மாதாமாதம் துடைக்கும்போது நாலையும் வெளியே எடுத்து மேசையில் உருட்டிப் பாருங்கள், கோணலாக உருளுவதைத் தள்ளிவையுங்கள். ஒவ்வொன்றின் பித்தளையிலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் எது எத்தனை தடவை உள்ளே போய் வந்தது என்று தெரியும், நான் மூன்று புள்ளி ஆனதும் மாற்றிவிடுவேன்.